பாதி வழியில் இறங்கிய மணப்பெண்

"வண்டிய நிறுத்துண்ணா!"

கல்யாண உடுப்போடு தபிதா பள்ளிக்கூட வாசலில் குதித்து இறங்கியதும், அண்ணன் சைலஸ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி கத்தினான்.

"பன்னெண்டு அடிச்சுட்டா பாதிரியார் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாருடி!"

"அதுக்குள்ள வந்துடறேன்."

உள்ளே ஒரே ஆண்கள் கூட்டம். எவனோ ஒருத்தன் காத்திருக்கிறான்! தொப்பிக்கடை வைத்து, தன் பேரிலேயே நகரசபைக்கு வரி கட்டும் திமிர் பிடித்தவள். இவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தபோதே சைலஸ் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"யாருடி அவன்?"

"எவனுமில்ல. நகரசபைத் தேர்தல். ஓட்டுப் போட்டுட்டு வந்தேன்."

"கல்யாணத்த முடிச்சுட்டு சாவகாசமா வந்து போட்டா ஆகாதா?"

"ஆகாது. பொம்பளைங்கள்ல வரி கட்டற கன்னிக்கும் விதவைக்கும்தான் ஓட்டு. விக்டோரியா ராணி மோதிரத்தோடயே நாட்டை ஆளறாங்க; என் விரல்ல மோதிரம் ஏறிட்டா ஒரு ஓட்டுக்கூடக் கிடையாதாம். சட்டம்!"

சைலஸ் அசடு வழிந்தான். "அப்போ இதான் உன் கடைசி ஓட்டா?"

தபிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"யார் சொன்னா? அடுத்த ஓட்டை அந்தச் சட்டத்தை மாத்திட்டுப் போடுவேன். வண்டிய எடு, மாப்பிள்ளை காத்திருக்காரு!"