டீச்சரின் கைத்துப்பாக்கி

ஆசிரியர்கள் ஆயுதத்தோடுதான் வகுப்புக்கு வரவேண்டும், அது பிள்ளைகளுக்குத் தெரியவும் கூடாது என்று அரசு உத்தரவு வந்திருந்தது. ஈரோட்டில் யு.கே.ஜி. வகுப்பு எடுக்கும் தமயந்தி, பொங்கல் விடுமுறையின் கடைசி நாளில் துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

"சேலைக்கு வெளிய தெரியக் கூடாதுங்க. கனமாவும் இருக்கக் கூடாது."

கடைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றை எடுத்து வைத்தார். "இதவிட லேசு கிடையாதுங்க மேடம். டீச்சருங்க எல்லாம் இதத்தான் வாங்குறாங்க. இடுப்புல சொருகிக்கலாம்."

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததுமே, குட்டி மகிழினி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் கன்னம் சரியாகத் துப்பாக்கியின் மேல் பதிந்தது. தமயந்தி வெடுக்கென்று அந்தக் கைகளைப் பிரித்துத் தள்ளினாள். பிள்ளை பெஞ்சில் இடித்துக்கொண்டு விழுந்தது.

"மிஸ், நான் என்ன பண்ணுனேன்?"

"இனிமே யாரும் என்கிட்ட வரக் கூடாது. கையக் கட்டிட்டு உக்காருங்க!" என்று தமயந்தி கத்தினாள்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வகுப்பை எட்டிப் பார்த்தார். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கைகட்டி, மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பதான் தமயந்தி, கிளாஸ் கிளாஸ் மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.