மூலக்குளத்துப் புள்ளி

“நூரீன் இன்னிக்கும் செத்துட்டா, பாலாஜி. வண்டி நாலு நிமிஷம் லேட்டு” என்று தல்ஹா கூட வேலை பார்ப்பவனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி நூரீன் டீயோடு பின்னால் வந்து நின்றாள்.

“யா அல்லா! நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், யாரைங்க சாவடிக்கிறீங்க?”

தல்ஹா அசடு வழிந்தான். ஊரில் ஆம்புலன்ஸ்களை எங்கெங்கே நிறுத்தலாம் என்று கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்ப்பது அவன் வேலை. திரையில் நோயாளிகள் எல்லாம் வெறும் புள்ளிகள்.

“நூறு பேர்ல ஒருத்தர் போனா பரவாயில்லன்னு எழுதிக் குடுக்க இருந்தேன். அந்த ஒண்ணு நம்ம மூலக்குளத்துப் புள்ளி. சும்மா உன் பேரை வச்சுப் பார்த்தேன். அப்புறம் விட மனசு வரல.”

நூரீனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

தல்ஹா ஒரு வண்டியை மூலக்குளத்துக்கு மாற்றி, ஒத்திகையை மறுபடி ஓட்டினான். சிவப்புப் புள்ளி பச்சையானது.

“பொழச்சுட்டே!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் திரையையே பார்த்தாள். “அந்த வண்டி எங்கேர்ந்து வந்துச்சு?”

“தேங்காய்த்திட்டுலேர்ந்து.”

“அங்க இப்ப ஒண்ணு சிவப்பாயிடுச்சே, அது யாரு?”

“யாருமில்ல. நம்பர் தொண்ணூத்தொண்ணு.”

“அதுக்கு வீராயின்னு பேர் வைங்க.”

தல்ஹா அந்தச் சிவப்புப் புள்ளியை உற்றுப் பார்த்தான். “வாயும் வயிறுமா இருக்கறவ, நடுத்துண்டா சாப்பிடு கண்ணு” என்று காலையில்தான் தேங்காய்த்திட்டு வீராயி மீன் கூடையை இறக்கி, நூரீனுக்கு வஞ்சிரம் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அவன் மறுபடி போனை எடுத்தான்.

“பாலாஜி, ரிப்போர்ட்டை அனுப்பிடாத. இன்னொரு வண்டி கேட்டு எழுதணும். வீராயி செத்துட்டா.”