மாளிகைச் சாவி

சாவியை வாங்கும்போது அழவேண்டும் என்று டெல்னாவுக்கு மூன்றாம் முறையாகச் சொல்லப்பட்டது. கண் கலங்கினால் மட்டும் போதாதாம். காமிராவுக்குத் தெரியும்படி கன்னத்தில் ஒரு சொட்டாவது உருளவேண்டுமாம். அழுகைக்கும் அளவு வைத்துவிட்டார்கள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு மண்டபம். மேடைக்குப் பின்னால் தங்கை ரினியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் தரை தொடும் கவுன், தலையில் கண்ணாடிக் கல் கிரீடம். வாடகை உடுப்பு. முன்பு அதை உடுத்தவளின் வியர்வை நாற்றமும் முகத்தில் அப்பிய பவுடரின் வாசனையும் சேர்ந்து டெல்னாவின் மூக்கில் ஏறின.

எழுத்தாளர் டிக்சனின் நாவல் வெளியீட்டு விழா அது. ஏழைச் சகோதரிகள் இருவர் ஒரே இரவில் சீமாட்டிகள் ஆகும் கதை. இது மூன்றாம் பாகம். முதல் இரண்டு பாகங்களும் தனுவச்சபுரம் போகும் பேருந்துகளில் பள்ளிப் பிள்ளைகளின் கைகளில் புரண்டு புரண்டு அட்டை கிழிந்துவிட்டன.

மூன்றாம் பாகம் வெளியாகும் நாளில், தாய் தகப்பன் இல்லாத இரண்டு சகோதரிகளுக்கு ஒற்றசேகரமங்கலத்து மலைச்சரிவில் உண்மையாகவே ஒரு வீடு பரிசு என்று டிக்சன் அறிவித்திருந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத ஜோக்கிமின் மக்கள் டெல்னாவும் ரினியும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வீட்டை முன்கூட்டிக் காட்டமாட்டார்களாம். முதன்முதல் கதவு திறக்கும் வியப்பை வீடியோ எடுக்க வேண்டுமாம்.

"அக்கா, புஸ்தகத்துல வாறது போலத்தான நடக்குது," என்றாள் ரினி.

"புஸ்தகத்துல வாற பிள்ளையளுக்கு வேலையும் இல்ல, வேர்ப்பும் இல்ல. கார் வாறது வரைக்கும் கண்ணாடி பாத்துட்டு இருப்பாளுவ. நீ வாய மூடிட்டு நில்லு."

துணிக்கடையில் நாள் முழுதும் நின்ற காலில் வேலை செய்து தங்கையைப் படிக்கவைப்பவள் டெல்னா. உழைப்பவளை முட்டாளாக்கி, காத்திருப்பவளுக்கு முடிசூட்டும் அந்தப் புத்தகங்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஆயினும் அன்று காலையில், பாறசாலையில் தாங்கள் குடியிருந்த ஒற்றை அறையின் இரும்புச் சாவியை வீட்டுக்காரி சாராம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"மாளிகைக்குப் போயாச்சிண்ணா நம்மளக் கண்டா ஒரு வார்த்த மிண்டுவியளா மக்கா?" என்று சாராம்மா கேட்டபோது, அத்தனை அருவருப்பையும் மீறி டெல்னா சிரித்துவிட்டாள். அவர்கள் படியிறங்குவதற்கு முன்பே வடநாட்டுத் தொழிலாளிகள் நால்வர் அந்த அறையில் பாய் விரித்துவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், சுருட்டிய இரண்டு பாய். சகோதரிகளின் குடித்தனம் முழுவதும் இப்போது மேடைப் படியருகே கிடந்தது.

டிக்சன் தாமதமாகத்தான் வந்தார். வேர்த்து விறுவிறுத்து, நெற்றியில் தலைக்கவசம் பதித்த கோட்டோடு ஓடிவந்தவரிடம், சாவி எங்கே என்று தொகுப்பாளினி பதறினாள். அவர் சட்டைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். அடுத்த நிமிடமே அதன் தலையில் பொன்தாள் சுற்றி, சிவப்பு நாடா கட்டி, வெள்ளித் தட்டில் ஏற்றிவிட்டார்கள்.

பிறகு பேச்சுகள். ஒருவர் அவர்களைக் கடலம்மையின் கண்ணீர்த் துளிகள் என்றார். அடுத்தவர் சேற்றில் பூத்த செந்தாமரைகள் என்றார். எவரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

மேடைப் பதாகையில், ஒரு குடை விளம்பரத்துக்கும் டிக்சனின் புன்னகைக்கும் நடுவே ஜோக்கிமின் முகம் பெரிதாகத் தொங்கியது. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளாமல் அச்சடித்திருந்தார்கள். செத்தவனையும் சந்தைக்குக் கொண்டுவந்த அந்தப் பதாகையைப் பார்க்கச் சகியாமல் டெல்னா தலைகுனிந்தாள். போய் அதைக் கிழித்தெறியக் கை துடித்தது. வீடு ஒன்றுதான் அந்தக் கையைப் பிடித்துவைத்திருந்தது.

நாவலில் வரும் வசனத்தை ரினி ஒலிபெருக்கியில் ஒப்பிக்கவேண்டியிருந்தது.

"விதி நம் வாசலில் தேரை நிறுத்திவிட்டது, அக்கா."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. டிக்சன் தட்டிலிருந்து சாவியை எடுத்து டெல்னாவின் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. சாராம்மாவின் இரும்புச் சாவி நினைவுக்கு வந்தது. புது வீட்டுச் சாவிகளெல்லாம் இப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டாள்.

இனி யாரும் தங்களை இறங்கிப் போகச் சொல்ல முடியாது. அந்த நினைப்பில் அழுகை தானாகவே வந்தது. தொகுப்பாளினி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கிரீடங்களையும் கவுன்களையும் கழற்றி வாங்கிக்கொண்டு வாடகைக் கடைக்காரர் போனார். புத்தகக் கட்டுகள் விற்றுத் தீர்ந்தன. பேசியவர்கள் கார் ஏறினார்கள். ஜோக்கிமின் முகத்தைச் சுருட்டி ஒரு மூலையில் சாத்தினார்கள்.

பழைய சுடிதாரில், சாவியைக் கைக்குட்டைக்குள் பொதிந்து பிடித்துக்கொண்டு, டெல்னா வாசலில் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரினி மூன்றாம் பாகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்திருந்தாள். டிக்சன் வேகவேகமாக அவர்களை நோக்கி வந்தார்.

டெல்னா எழுந்து நின்றாள். "சார், வண்டி எப்பம் வரும்?"

"எந்த வண்டி?"

"வீட்டுக்குப் போவ. பழைய ரூம விட்டாச்சு சார். இண்ணைக்குக் கிடக்க எங்களுக்கு வேற எடம் இல்ல."

டிக்சன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"அந்தச் சாவிய இங்க தா மக்கா. அது எனக்க ஸ்கூட்டருக்க சாவியாக்கும்."