துணையின்றி நடமாடக் கூடாது

“பெல்ட்டைக் கழட்டு. போன், பர்ஸ் எல்லாம் தட்டுல வை. கையைத் தூக்கு.”

கழற்றினான். வைத்தான். தூக்கினான். அவன் கைதாகி வந்தவன் இல்லை. மத்தியக் காவல்துறையில் சேர விண்ணப்பித்தவன். எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவம் எல்லாம் தாண்டி, கடைசியாகப் பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு வந்திருந்தான்.

பகல் வாசல் காவலர் அவன் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்றை மாட்டினார். ‘துணையின்றி நடமாடக் கூடாது’ என்று அதில் எழுதியிருந்தது. கழிப்பறைக்குப் போனபோதுகூடக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “ஆச்சா தம்பி?” என்று இரண்டு முறை கேட்டார்.

மூன்றாம் மாடியில் அதிகாரி அவனுடைய ஃபைலை விரித்து வைத்திருந்தார். அது தலையணை கனம் இருந்தது. இவ்வளவு வாழ்ந்திருக்கிறோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

“அடுத்த மாசம் வயசு வரம்பு தாண்டிடும் போலிருக்கே?”

“ஆமா சார். இதை விட்டா வேற வாய்ப்பே கிடையாது.”

“யாரோட இருக்கே?”

“அக்கா வீட்ல. இன்னைக்கு மச்சான் ஷூவைத்தான் போட்டுட்டு வந்திருக்கேன்.”

“மச்சானோட பெரியப்பா மகன் ஒருத்தர் வெளிநாட்ல இருக்காரே. அவரோட கடைசியா எப்பப் பேசினே?”

“அவரை நான் பார்த்ததே இல்லை சார்.”

“பார்க்கலைங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?”

யோசித்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. அதிகாரி அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

“எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடச் சுவர்ல உங்க வாத்தியாரை வரைஞ்சிருக்கே.”

“அது மாடு சார்.”

“அவர் தன்னைத்தான்னு கைப்பட எழுதிக் கொடுத்திருக்கார்.”

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார்.

“இப்ப என்ன பண்றே?”

“ஒப்பந்த கம்பெனி சார். சாயங்கால ஷிப்ட்.”

“படிவத்துல நிரந்தர வேலைக்குத்தான் கட்டம் இருக்கு.” அதிகாரி ‘வேலை இல்லை’ என்று எழுதினார். அதற்குக் கீழே ‘எங்கே, என்ன பணி’ என்றிருந்த இரண்டு கட்டங்களையும் குறுக்குக் கோடு போட்டு அடித்தார்.

அடித்த வேகத்தில் முழங்கை பட்டு டீ டம்ளர் சாய்ந்தது. டீ ஃபைலை நோக்கி ஓடியது. அவன் எழுந்து, ஜன்னல் திரைக்குப் பின்னால் கிடந்த துணியை எடுத்து, மூன்றே இழுப்பில் மேஜையைத் துடைத்துவிட்டான்.

“சுறுசுறுப்புதான்,” என்றார் அதிகாரி, ஃபைலைக் குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்தபடி. திடீரென்று அதைப் படாரென மூடினார். “உள்ளே எட்டிப் பார்த்தியா?”

“இப்பவா? இல்லை சார்.”

“பார்க்கக் கூடாது. உன்னைப் பத்தி நாங்க எழுதினது உனக்கே தெரியக் கூடாது. இந்த மாடிக்குள்ள ஒரு ஈ நுழையணும்னாலும் அதோட ஏழு தலைமுறையைத் தோண்டிட்டுத்தான் விடுவோம், தெரியுமா?”

தலையாட்டினான்.

“ரகசியக் காகிதங்களைக் கையாண்ட அனுபவம் ஏதாவது உண்டா?”

அவன் வாயைத் திறந்தான். பிறகு, “சொல்லிக்கிற மாதிரி இல்லை சார்,” என்றான்.

“அதானே பார்த்தேன்.” அதையும் எழுதிக்கொண்டார்.

“சார், இன்னும் எதை வேணும்னாலும் கேளுங்க. உள்ளதை உள்ளபடி சொல்றேன். ஏதாவது மாறுமான்னுதான் வந்தேன்.”

“என்ன மாறணும்? இன்னும் எதுவுமே முடிவாகலையே!” அதிகாரி முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். “திறந்த மனசோடதான் பரிசீலிப்போம். நாலு வாரத்துல தபால் வரும். அதுவரைக்கும் முடிவு என்னன்னு எனக்கே தெரியாது தம்பி.”

வாசல் காவலர் அவனைக் கீழே கூட்டிப்போகக் கதவருகே வந்து நின்றார். அவன் சாய்ந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தான். துணியை மடித்து, திரைக்குப் பின்னால் அதே இடத்தில் போட்டான்.

“தகுதியில்லைன்னு கையெழுத்தே போட்டுட்டீங்களே சார். நேத்து சாயங்கால ஷிப்ட்ல உங்க மேஜையைத் துடைக்கும்போது படிச்சேன்.”