கிளிஃபர்ட் போட்ட டீ

"ஒரு வாரமா அந்த மனுஷன் டீ போடுறாரு. உனக்குப் பயமா இல்லையா ஷோனா?"

தைத்துக்கொண்டிருந்த மெத்தை உறையிலிருந்து ஷோனா கண்ணை எடுக்கவில்லை. "டீ பரவாயில்லையே, மாவிஸ்."

"பரவாயில்லையா? பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு. நான் கேக்குறது அது இல்ல. ஏன் போடுறாரு?"

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய சோஃபாக்களுக்குப் புது உறை தைக்கும் பட்டறை அது. வாசல் பலகையில் இருப்பது கிளிஃபர்டின் பெயர். அங்கே இருபத்தொரு வருடமாகத் தன் கோப்பையைக்கூடக் கழுவாத கிளிஃபர்ட், போன திங்கட்கிழமை சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து ஷோனாவிடமிருந்து கெட்டிலை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மாவிஸுக்குத் தையலில் கவனமே இல்லை.

கெட்டிலுக்கு மேல் சுவரில் கிளிஃபர்டின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் டீ போட வேண்டும்." ஒன்பது மாதத்துக்கு முன் சேர்ந்த ஷோனாதான் இதுவரை போட்டுக்கொண்டிருந்தாள். கிளிஃபர்டுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அதை எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஆளைக் குறைப்பதென்றால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போக வேண்டும். கொரோனா சமயத்தில் பாரி அப்படித்தான் போனான்.

"நாளைக்குப் பட்ஜெட். தெரியும்ல?" மாவிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆள் வெச்சிருக்கிற முதலாளி தலைக்கு இவ்வளவுன்னு அரசாங்கத்துக்குக் கட்டுறாருல்ல, அது ஏறப்போகுதாம். திங்கக்கிழமை பேப்பர்ல ஒரு சதவீதம்னான். இன்னைக்கு ரெண்டுங்கிறான். என் மச்சினன் மூணுன்னு சொல்றான்."

"உங்க மச்சினன் லண்டன்ல மந்திரிக்கு உதவியாளரா?"

"மீன் வறுக்கிற கடை வெச்சிருக்கான். அங்க வராத சேதியே கிடையாது."

ஷோனா சிரிக்க முயன்றாள். வாடகை, நர்சரியில் விட்டிருக்கும் குழந்தை, இரண்டும் அவள் ஒருத்தி சம்பளத்தில் ஓடுகின்றன. "என்னை அனுப்பிடுவாருன்னா சொல்றீங்க?"

"நான் சொல்லலம்மா. டீ சொல்லுது. உன் வேலையை ஒவ்வொண்ணாக் கழட்டுறாரு பாரு, முதல்ல கெட்டில். அப்புறம் நேத்து சாக்லேட் பிஸ்கட் வெச்சாரே, யாருக்கு ரெண்டு வெச்சாரு?"

"...எனக்கு."

"அவ்ளோதான்!"

மூலையில் நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ரஸ்ஸலைப் பார்த்து மாவிஸ் குரல் கொடுத்தாள். "நீ என்னப்பா நினைக்கிற? பதினாலு வருஷமா இங்க இருக்க, ஒரு வார்த்தை பேசேன்."

ரஸ்ஸல் எழுந்து போய், ஆளில்லாத சரக்கறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இதுக்கு அந்த நாற்காலியே தேவலாம்," என்றாள் மாவிஸ்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு எல்லோரும் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கிளிஃபர்ட் வரிசையாக டீ வைத்தார். ரஸ்ஸல் கோப்பையில் மட்டும் சர்க்கரையைப் போட்டுக் கலக்கியும் கொடுத்தார். அதையும் மாவிஸ் கவனித்தாள். ரஸ்ஸலுக்கு ஷோனா மேல் ஒரு கண் என்பது அவள் கணிப்பு. அவனையும் இப்போதே சமாதானப்படுத்தி வைக்கிறார் போலிருக்கிறது.

நிதியமைச்சர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பெட்ரோல் வரி முடிந்தது, பீர் வரி முடிந்தது. கடைசியில் வந்தது. முதலாளிகள் கட்டும் பங்கு ஏறுகிறது.

ஷோனா சட்டென்று நிமிர்ந்ததில் டீ மடியில் சிந்தியது. ரஸ்ஸல் கடிக்காத சாண்ட்விச்சை அப்படியே மடித்து வைத்தான், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. 'பாவம், உண்மையாகவே காதல்தான்' என்று நினைத்துக்கொண்ட மாவிஸ், கிளிஃபர்டைப் பார்த்தாள். அந்த மனுஷன் பிஸ்கட்டை டீயில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

மாவிஸால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க கிளிஃபர்ட், பிஸ்கட் இறங்குதா உங்களுக்கு? இந்தப் பொண்ணை அனுப்பப்போறீங்களா இல்லையா, அதை வாயைத் திறந்து சொல்லிடுங்க!"

"ஷோனாவையா? அவளை எதுக்கு?" கிளிஃபர்ட் நிஜமாகவே திகைத்தார். "அவ எனக்கு சீனியராச்சே!"

கிளிஃபர்ட் ரஸ்ஸலைப் பார்த்தார். ரஸ்ஸல் மெல்லத் தலையாட்டினான்.

"வரி ஏறும், வரி ஏறும்னு தினம் பேப்பர்ல படிச்சு எனக்குத் தூக்கம் போச்சு. பத்து நாள் முன்னாடி பட்டறையை வித்துட்டேன். பட்ஜெட் முடியற வரைக்கும் சொல்ல வேண்டாம்னு வாங்கினவர் கேட்டுக்கிட்டார். வீட்ல சும்மா உக்கார முடியாதுன்னு போன திங்கக்கிழமை இங்கயே வேலைக்குச் சேந்துட்டேன்."

அவர் எழுந்து, காலிக் கோப்பைகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கினார். சுவரில் இருந்த தன் கையெழுத்தை ஒரு தரம் பார்த்தார்.

"இன்னொரு டீ போடட்டுமா, முதலாளி?" என்று ரஸ்ஸலிடம் கேட்டார். "இல்ல, இப்பவே கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பட்டுமா?"