பட்டியலில் இல்லாத பூக்கிண்ணம்

"இது எங்க சாமான் இல்லை" என்றாள் அவள்.

கூடம் முழுக்கப் பாத்திரங்கள். கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த பித்தளையும் எவர்சில்வரும். ஏழு வருடம் புருஷன் வீட்டில் இருந்துவிட்டுக் காலையில் லாரியில் திரும்பி வந்திருந்தன.

விவாகரத்துத் தீர்ப்பாகி ஒரு மாதம்.

பட்டியலில் எல்லாவற்றையும் அண்ணன் சரிபார்த்துவிட்டான். கரண்டி உட்படச் சரியாக இருந்தது. அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். 'சாமான்கள் வந்து சேர்ந்தன. இனி இரு வீட்டாருக்கும் இடையே ஒன்றும் இல்லை.'

அதன் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் விட்டது சனி. அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் அவள் விடியற்காலையிலேயே குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி அட்டைப்பெட்டியில் இது இருந்தது.

பாசிப்பயறு நிறம். மெருகுக்கு அடியில் மங்கலாக ஒரு பூங்கொடி. மாமியார் வீட்டுச் சீனப் பூக்கிண்ணம். அவர்களுடைய பாட்டனார் காலத்தில் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தது. சென்னையிலிருந்து பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இந்த மாதிரி இன்னொன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார். கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, மாமியார் அவருக்குக் காபி கொடுத்து வழியனுப்பிவிட்டார்.

தினமும் அவள் பூப் பறித்து வருவாள். தட்டோடு வாங்கிக்கொண்டு மாமியார்தான் கிண்ணத்தில் அடுக்குவார். ஏழு வருடத்தில் ஒருநாள்கூட அவளை அதில் கைவைக்க விட்டதில்லை.

இப்போது அது அவள் மடியில் இருந்தது. நினைத்ததைவிடக் கனம்.

"பெட்டி மாறிப்போச்சா?" என்று செல்லையாவிடம் கேட்டாள். அந்த வீட்டு டிரைவர்.

"பெரிய ஆச்சிதான் கட்டுனாக. எங்களத் தொடவே விடல."

மாமியாரே கட்டினாரா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறதியா? கரண்டியை எண்ணி அனுப்புகிறவருக்கா மறதி?

வேண்டாத மருமகள் பறித்த பூவை வைத்த கிண்ணம், அதுவும் வேண்டாம் என்றா?

நீதிமன்ற வாசலில் அவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காரில் ஏறி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"திருப்பிக் குடுத்துரும்மா" என்றான் அண்ணன். "நாளைக்கே கிண்ணத்தக் காணோம்னு வாசல்ல வந்து நிப்பாக."

அதுவும் நடக்கக்கூடியதுதான். அவளுக்குக் கோபம் வந்தது. போகிற போக்கில்கூட அந்த வீடு அவளை நிம்மதியாக விடவில்லை.

கிண்ணத்தைச் செல்லையாவிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஆச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

மாமியாரின் போன் நம்பரை அவள் இன்னும் அழிக்கவில்லை.

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"பூக்கிண்ணம் தவறி இங்க வந்துருச்சு. செல்லையாட்ட அனுப்பி வைக்கிறேன்."



"ஒடஞ்சு போச்சா?"

"இல்லை."

"அப்பறம் எதுக்குத் திருப்பி அனுப்புற?"

எப்போதும் போல அதட்டல்தான். போனை வைத்துவிட்டார்.

புருஷனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளுக்கு இப்போது அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் இந்தப் பிரியத்தை? ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது?

செல்லையா தயங்கித் தயங்கிப் பேனாவை நீட்டினான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாளை வாங்கித் தொடையில் வைத்துப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

அப்புறம் 'சாமான்கள் வந்து சேர்ந்தன' என்பதை மட்டும் விட்டுவிட்டு, 'ஒன்றும் இல்லை' என்ற மீதி வரியை ஒரே கோடாக அடித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா இது?" என்றான் அண்ணன்.

தெரியவில்லை என்று தலையாட்டினாள்.