குரங்குக்கு எந்த மாடி?

“இது பொம்மைதான். கீழ் மாடிக்கே அனுப்பிடுங்க” என்றார் பேராசிரியை.

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது.

மேளம் கொட்டும் அந்த மரக் குரங்கு அக்கக்காகக் கிடந்தபோது, ஒட்டவைத்து உயிர் கொடுத்தவன் அவன்தான். அருங்காட்சியகத்தில் மேல் மாடி கம்ப்யூட்டர்களின் வரலாற்றுக்கு; கீழ் மாடி பிள்ளைகள் விளையாட. குரங்கும் கம்ப்யூட்டர் போலவே நிரல்படி, அதாவது புரோகிராம்படி, இயங்கும் இயந்திரம்தான் என்று ஒரு நிபுணர் சொல்லிவிட்டால் போதும். மேல் மாடியில் இடம். பக்கத்திலேயே அவன் பெயர்ப் பலகை.

நிபுணராக வந்த இந்தப் பேராசிரியையோ அவனுடைய சொந்த அண்ணி.

“கொழுந்தனாச்சேன்னு சலுகை காட்டிடுவாங்களோ?” என்று இயக்குநர் காலையிலேயே கேட்டிருந்தார்.

“அவங்களா? எங்க அண்ணனே இன்னும் அவங்ககிட்ட பாஸ் மார்க் வாங்கலை சார்!”

இப்போது அவன் விடுவதாக இல்லை.

“சாவி கொடுத்தா ஆடுற பொம்மைன்னு நினைச்சீங்களா அண்ணி? இந்த உருளையைப் பாருங்க. எந்தத் துளையில இந்த மர முளை செருகியிருக்கோ, அந்த இடத்துல அடி விழும். முளையை மாத்தினா தாளமே மாறும்.”

“கேஸட்டை மாத்தினாலும்தான் வேற பாட்டு வருது. அதுக்காக டேப்ரெக்கார்டரை கம்ப்யூட்டர்னு சொல்லிடலாமா?”

“கேஸட்ல இருக்கிறது எவனோ பாடினது. இங்கே எந்த அடி எப்போன்னு சொல்றது நம்ம கை!”

“எங்கே, சொல்லு பார்ப்போம்.”

நாலைந்து முளைகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகினான். கைப்பிடியைச் சுற்றினான். அதுவரை டும்... டும்... என்று சோம்பிக் கிடந்த குரங்கு, டமடம டும், டமடம டும் என்று துள்ளியது.

இயக்குநர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். “மேடம், இது நிரல் இல்லாம வேற என்ன?”

“ரொம்ப அழகு. பொம்மைன்னே எழுதிக்குங்க.”

“பாடின பாட்டையே பாடறீங்களே அண்ணி! குரங்கே தாளத்தை மாத்திடுச்சு, நீங்க மாத்த மாட்டேங்கறீங்க.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. பேச்சு மட்டும் மாறவில்லை.

குரங்கைக் கீழே இறக்க ஆள் கூப்பிடப் போனார் இயக்குநர். அவர் தலை மறைந்ததுமே மெக்கானிக் அண்ணி பக்கம் திரும்பினான்.

“வேற யாராவது வந்திருந்தா என் பேரு மேல இருந்திருக்கும். நான் நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளாயிட்டா உங்களுக்கு என்ன அண்ணி நஷ்டம்?”

“நிரல்தான் தம்பி. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“மேல கொண்டுபோனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, ‘தொடாதீர்கள்’னு எழுதிடுவாங்க. கீழே இருந்தா பிள்ளைங்க முளையைப் பிடுங்கிப் பிடுங்கி தினம் ஒரு தாளம் போடும். யாரும் மாத்தவே கூடாதுன்னு பூட்டி வச்சதுக்குப் பேர்தான் தம்பி, பொம்மை!”